கார் பாடியை வீட்டிலேயே தேய்த்து பிரைமர் வரை கொண்டுவருவது எப்படி

பெயிண்ட் உரிந்தால் எல்லோரும் பெயிண்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது ஒரு பாவமும் செய்திருக்காது. அடியில் விட்டுப்போன எண்ணெய், சரியாகக் கழுவாத உப்பு, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டிக்குள் தங்கிய ஈரம், சுரண்டாமல் மூடிவிட்ட துரு, இந்த நாலில் ஏதோ ஒன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மேலே எழுந்து வரும். நல்ல பட்டறையில் கலர் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான். நாள் கணக்கில் இழுப்பது அதற்கு முந்தைய வேலை. கூலியின் பெரும்பங்கும் அதற்குத்தான் போகிறது.

அந்த முந்தைய வேலையை வீட்டில் செய்யலாம். கலர் அடிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி. இன்றைய பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதைப் புகைபோல அடித்து மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். தவிர, வெளியே அடித்த கிளியர் கோட்டில் (கலருக்கு மேல் வரும் நிறமில்லாத பூச்சு) கொசுவும் தூசியும் ஒட்டாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. ஆகவே தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் மாருதி 800, அப்பிச்சி காலத்து அம்பாசிடர் மாதிரி ஒரு வண்டியை, கலருக்கு அடியில் ஏறும் பிரைமர் வரை நீங்கள் கொண்டுவாருங்கள். கலரை, தூசி புகாத பெயிண்ட் அறை (பூத்) வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

நிறத்தையே மாற்றப் போகிறீர்கள் என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நிறத்தையே திரும்ப அடித்தால் இந்த வேலை இல்லை.

முதலில் ஒரு கதவு

முழு வண்டியிலும் ஒரே நாளில் கை வைக்காதீர்கள். ஒரு கதவையோ பானட்டையோ கழற்றி, இரண்டு மர ஸ்டூல்களின் மேல் படுக்கப் போட்டு, தொடக்கம் முதல் பிரைமர் வரை முடித்துப் பாருங்கள். படுக்கை வாட்டில் தேய்ப்பது சுலபம், தோளும் வலிக்காது. அது தேறினால் மற்றதற்குப் போகலாம்.

வண்டியை ஒருமுறை காந்தத்தோடு சுற்றி வாருங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் போதும், மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டால் கீறாது. எங்கே பிடிப்பு தளர்கிறதோ அங்கே முன்பு யாரோ பட்டியைக் கொட்டியிருக்கிறார்கள். கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, பேட்டரி வைக்கும் தட்டு, கார்ப்பெட்டுக்குக் கீழே தரைத்தகடு, இந்த நான்கும் பழைய வண்டிகளில் துரு பிடிக்கிற இடங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்குப் பட்டியும் பிரைமரும் மருந்தல்ல. தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டும், டிங்கரிடம்தான் போக வேண்டும். ஓட்டையில் துணியைத் திணித்து மேலே பட்டி பூசி விற்ற வண்டிகள் சந்தையில் ஏராளம். உங்கள் கையாலும் அப்படி ஒன்று வேண்டாம்.

கதவைக் கழற்றியதும் அடியில் உள்ள சின்ன வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொள்வதால்தான் கதவு அடியிலிருந்து அரிக்கிறது.

எந்த மாதம், எந்த இடம்

கொங்கு நாட்டில் இந்த வேலைக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. ஆனியிலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது உங்கள் பிரைமர் பாதி பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், மீதியின் மேல் புழுதி வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரமும். சித்திரையில் காற்று இல்லாவிட்டாலும் தகடு தொட முடியாமல் சுடும். அதன் மேல் அடித்தால் தின்னர் காற்றிலேயே உலர்ந்து, பெயிண்ட் படியாமல் மணல் தூவியதுபோல விழும்.

தை மாதத்திலும் விடியற்காலையில் தகட்டில் பனி இறங்கியிருக்கும். வெயில் ஏறி அது உலர்ந்த பிறகு, காற்று எழும்புவதற்கு முன், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் பிரைமர் அடிப்பது நல்லது.

இடம் நிழலாக, மூன்று பக்கமாவது மறைப்பு உள்ளதாக இருக்க வேண்டும். ஆனால் முழுக்க அடைத்த அறை ஆகாது. தரையில் தண்ணீர் தெளித்து விடுங்கள், புழுதி அடங்கும். பக்கத்தில் நூல் மில்லோ தறிக்குடோனோ இருந்தால் பஞ்சு பறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் தூசி இருக்கும். அவர்கள் ஓட்டாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு கட்டியிருக்கும் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம், அதற்கும் நுரையீரல் இருக்கிறது. சாமி விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தேடிப் பிடிக்கும்.

வாங்க வேண்டியவை

பெயிண்ட் கடையில் "ஒரு கிலோ பட்டி குடுங்கண்ணா" என்று மட்டும் கேட்டால் சுவருக்கு அடிக்கும் வெள்ளைத் தூள் வந்து சேரலாம். காருக்கு வேண்டியது பாலியஸ்டர் பட்டி. டப்பாவோடு ஒரு சின்ன ட்யூபில் ஹார்டனர் வரும். அதேபோல பிரைமர் என்றால் கரூர், நாமக்கல், சங்ககிரி போல பஸ், லாரி வேலை அதிகம் நடக்கிற ஊர்களில் ரெட் ஆக்சைடைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரி. காருக்கு வேண்டாம். மேலே பின்னால் வரப்போகிற பி.யு. பெயிண்டின் தின்னர் அதை இளக்கிச் சுருக்கிவிடும்.

கேட்க வேண்டியவை இவை: இரண்டு பாக எபாக்சி பிரைமர், அதே கம்பெனியின் ஹார்டனர், அதே கம்பெனியின் தின்னர். கம்பெனி மாற்றிக் கலக்காதீர்கள், பத்து ரூபாய் மிச்சம் பார்த்தால் ஒரு கதவு போய்விடும். பிறகு எண்ணெய் எடுக்கும் டிக்ரீசர், பாஸ்போரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, நல்ல மாஸ்கிங் டேப், பழுப்புக் காகித ரோல். வாட்டர் பேப்பரிலும் உலர்ந்து தேய்க்கும் எமரியிலும் 80, 120, 180, 320, 400, 600 நம்பர்கள் (நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும்). பட்டி இழுக்க இரும்புத் தகடு ஒன்றும் ரப்பர் ஒன்றும்.

துடைக்கும் துணிக்குக் கவலையே இல்லை, திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆனால் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். சாயத் துணியில் தின்னர் பட்டால் சாயம் தகட்டில் இறங்கிவிடும். பஞ்சு உதிர்கிற துணியையும் ஒதுக்கிவிடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். தேய்க்கும் தூசிக்கு என்95 போதும். ஆனால் தின்னர் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். முகத்தில் தாடி இருந்தால் அது ஒட்டி உட்காராது. கைக்கு நைட்ரைல் கையுறை.

கம்ப்ரசருக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. 1960-ல் தொடங்கிய எல்ஜி (ELGi) கம்பெனி முதல் சின்னப் பட்டறைகள் வரை கோவை அதற்குப் பேர்போன ஊர்தானே. ஒரு கதவு, பானட் அடிக்க 2 எச்.பி. மோட்டாரும் 50 லிட்டர் டேங்கும் இருந்தால் சமாளிக்கலாம். தெரிந்த பஞ்சர் கடையிலோ பட்டறையிலோ ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். (தோட்டத்து இலவச மின் இணைப்பில் ஓட்டாதீர்கள். அது மோட்டாருக்குக் கொடுத்தது.)

கழுவுவது, எண்ணெய் எடுப்பது

தேய்ப்பதற்கு முன்பே எண்ணெயை எடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். எண்ணெயும் மெழுகும் இருக்கும்போதே எமரி போட்டால் அந்த எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிரைமர் அடித்த அடுத்த நிமிடம் மீன் கண்போலக் குழிகுழியாக விலகும்.

பாத்திரம் துலக்கும் சோப்புத்தண்ணீரில் நன்றாகக் கழுவி உலரவிடுங்கள். பிறகு டிக்ரீசர். ஒரு துணியை நனைத்து இரண்டு கை அகலத்துக்குத் தடவ வேண்டும், அது ஆவியாகும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படிந்துவிடும். டேஷ்போர்டுக்குப் போடும் பளபளப்பு ஸ்ப்ரேயில் சிலிகான் இருக்கும், அதை இந்த வேலை முடியும் வரை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து வியர்வையைத் துடைத்த கையோடு தகட்டைத் தடவுவதும் அதே கேடுதான். வேலை நாளில் எண்ணெய் வைக்காதீர்கள், இல்லாவிட்டால் தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்துக்கு முக்கியம். சிறுவாணித் தண்ணீரோ அத்திக்கடவுத் தண்ணீரோ வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். குளிக்கும்போது சோப்பு நுரைக்காத அந்த உப்புத்தண்ணீரில் தகட்டைக் கழுவி அப்படியே உலரவிட்டால் வெள்ளைத் திட்டாக உப்பு நிற்கும். அதற்கு மேல் பெயிண்ட் ஏறினால், மழைக்காலத்தில் ஈரம் பெயிண்ட் வழியாக மெல்ல உள்ளே இறங்கும். உப்பு அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவீர்கள். முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரும் சரி, கடைசி அலசலுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொண்டு, உலரும் முன் துணியால் ஒற்றி எடுங்கள்.

பழைய பெயிண்ட் என்ன வகை

வெளியே தெரியாத இடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கலர் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். மேற்பரப்பு சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகவில்லை என்றால் கார் கம்பெனியே அடித்த பெயிண்டோ பி.யு.வோ, நிம்மதியாக மேலே வேலை செய்யலாம். கரைந்தாலும் சுருங்கினாலும் அதை முழுக்க எடுத்துவிடுவதே உத்தமம். மேலே என்ன அடித்தாலும் அடி ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

கம்பெனி பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் அதைத் தகடு வரை எடுக்க வேண்டியதில்லை. அதைவிட நல்ல அடித்தளத்தை நீங்களோ நானோ வீட்டில் போட முடியாது. பளபளப்பு போய் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும் வரை 320-ல் தேய்த்தால் போதும்.

துருவும் ஓரங்களும்

துரு இருக்கும் இடத்தில் முதலில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர். வெள்ளி நிறத் தகடு தெரியும் வரை போக வேண்டும். குழிகளுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அங்கே மட்டும் துரு நீக்கியைப் பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வரை காயாமல் ஈரமாக வைத்திருங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைத்து, ஹேர் டிரையர் காட்டி உலர்த்துங்கள். அமிலம் மிஞ்சினால் எபாக்சி பிடிக்காது. டீசல் தடவி வைத்தால் துரு நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். துரு நிற்கலாம், பிரைமரும் ஒட்டாது.

வெறும் தகடு தெரிந்த இடத்தில் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வியர்த்த கை பட்ட இடத்தில் மறுநாள் காலை விரல் ரேகையோடு துரு பூத்திருக்கும். ஆகவே ஒரு நாளில் பிரைமர் வரை முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள்.

அடுத்தது ஓரம். பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுற்றி ஒரு படிக்கட்டு நிற்கும். அதை அப்படியே விட்டால் எத்தனை கோட் அடித்தாலும் வெயில் சாய்வாக விழும்போது அந்தப் படி தெரியும். 120-ல் தொடங்கி 180, பிறகு 320 என்று வெளிப்பக்கமாகத் தேய்த்து ஓரத்தைச் சரித்து விடுங்கள். சரியாக வந்தால் வெறும் தகடு, பழைய பிரைமர், பழைய கலர், கிளியர் என்று ஒன்றையொட்டி ஒன்றாக வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்தும்போது எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியக் கூடாது.

வெறும் விரலால் எமரியைப் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரலுக்குக் கீழே மட்டும் பள்ளம் விழுந்து நாலு வரி ஓடும். தட்டையான இடத்துக்கு ஒரு சாண் நீளமான மரக்கட்டையில் எமரியைச் சுற்றுங்கள். வளைவான இடத்துக்குப் பட்டறைக்காரர்கள் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருப்பார்கள். கடையில் விற்கும் பிளாக்கைவிட அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

பட்டி போடுவது

தேய்த்து முடித்த வெறும் தகட்டில் முதலில் ஒரு கோட் எபாக்சி, அது காய்ந்த பிறகு 180-ல் லேசாகக் கீறிவிட்டு மேலே பட்டி. இந்த வரிசையைத்தான் சிபாரிசு செய்வேன். நேரே தகட்டில் பட்டி போடும் பட்டறைகளும் உண்டு, அதுவும் ஒட்டும். ஆனால் பட்டிக்கு ஈரத்தைத் தடுக்கத் தெரியாது, எபாக்சிக்குத் தெரியும். எட்ச் பிரைமர் என்று ஒன்று விற்கிறார்கள், அதில் அமிலம் இருக்கும்; அதன் மேல் பாலியஸ்டர் பட்டி மட்டும் போடவே கூடாது.

பட்டி பள்ளத்தை நிரப்பத்தான், ஒடுக்கத்தை மறைக்க அல்ல. ஒடுக்கத்தைப் பின்னாலிருந்து தட்டி எடுத்து, மிஞ்சுவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பட்டி போடலாம். அரை விரல் கனத்துக்குப் போட்டால் கதவை நாலு முறை ஓங்கி அடிக்கும்போது விரிசல் விடும்.

கலப்பதற்கு ஒரு தட்டையான டைல்ஸ் துண்டு நல்லது. சின்ன எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பெரிய கொண்டைக்கடலை அளவு ஹார்டனர். எடைக்கு நூற்றுக்கு இரண்டு என்று கணக்கு. கரண்டியால் கிண்டுவதுபோலக் கிண்டினால் காற்றுக் குமிழ் ஏறி, தேய்த்த பிறகு ஊசித்துளைகளாகத் தெரியும். தகட்டால் அழுத்தி வழித்து, மடித்து, மறுபடி அழுத்தி வழிக்க வேண்டும். கோடு கோடாக இல்லாமல் ஒரே நிறம் வந்ததும் நிறுத்துங்கள். நம் வெயிலுக்கு ஐந்து நிமிடத்தில் இறுக ஆரம்பித்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் மிஞ்சிய பெராக்சைடு பின்னால் மேல் கலரில் கறையாக எழும்பும், வெள்ளை வண்டியில் மஞ்சளாக நன்றாகவே தெரியும்.

முதல் இழுப்பு மெல்லியதாக, தகட்டோடு அழுத்தி. அடுத்த இழுப்பு பள்ளத்தை நிரப்ப, சுற்றிலும் ஒரு கை அகலம் தாண்டி. டயர் ரப்பர் பதத்துக்கு வந்ததும் மேட்டை 80-ல் சீவி எடுக்கலாம். முழுதாக இறுகிய பிறகு 120, 180.

இங்கே பட்டறை வழக்கத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பட்டியின் மேல் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் போடுவது நம் ஊரில் சகஜம், தூசி பறக்காது, எமரியும் அடைக்காது. ஆனால் பாலியஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே பார்த்தால் உலர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதுவும் போர் தண்ணீர் என்றால் உப்போடு சேர்ந்து நிற்கும். பட்டியை உலர்வாகவே தேயுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. வாட்டர் பேப்பர் பிரைமருக்கு மேலே வரும்போது மட்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணை நம்பாதீர்கள். சாம்பல் நிறப் பட்டியும் பழைய பெயிண்டும் கலந்த திட்டில் கண்ணுக்கு ஒன்றும் புரியாது. மெல்லிய காட்டன் துணியை விரித்து, அதன் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நல்ல இடத்தில் தொடங்கி பட்டி வழியாக மறுபக்க நல்ல இடம் வரை நீளமாக ஓட்டுங்கள். நேரடியாகக் கை வைத்தால் தோல் ஒட்டி ஒட்டி நகரும், துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு போய் மேடு பள்ளத்தை மட்டும் சொல்லும். இடது கையால் செய்து பாருங்கள், வேலை செய்து மரத்துப்போன வலது கையைவிட அதற்கு உணர்வு அதிகம்.

மறைப்பு

கழற்ற முடிகிற எதையும் டேப் ஒட்டி மறைக்காதீர்கள். கைப்பிடி, எம்பளம், விளக்கு, பீடிங் எல்லாம் கழற்றி, ஸ்க்ரூக்களோடு தனித்தனி கவரில் போட்டுப் பேர் எழுதி வையுங்கள். ரப்பர் பீடிங் வைத்த பழைய முன் கண்ணாடியைக் கழற்றப் பயமாக இருந்தால், ரப்பரின் உதட்டுக்குக் கீழே மெல்லிய ஒயரைச் சுற்றிலும் நுழையுங்கள், உதடு தூக்கிக்கொள்ளும், பிரைமர் அடி வரை போகும். நியூஸ் பேப்பரை ஒற்றையாக ஒட்டினால் தின்னர் ஊறி மை இறங்கும். பழுப்புக் காகிதம் பாதுகாப்பு. டேப்பை வெயிலில் நாள்கணக்கில் விட்டுவிட்டால் பசை மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

பிரைமர்

அடிக்கும் காலையில் மறுபடி ஒருமுறை டிக்ரீசர், மேலே சொன்ன இரண்டு துணி முறையில். பட்டி மேல் மட்டும் அதிகம் நனைக்காதீர்கள், அது அதையும் குடிக்கும். பிறகு வெறும் கை படக் கூடாது.

எபாக்சி கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் இருப்பதுதான் வேதம். கண் அளவு வேண்டாம், கோடு போட்ட கப் வாங்குங்கள். சில வகைகளைக் கலந்த பிறகு கால் மணி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து அடிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காத்திருப்பையும் விடாதீர்கள். எபாக்சியின் ஹார்டனரில் பொதுவாக ஐசோசயனேட் இருக்காது என்பது வீட்டில் செய்பவர்களுக்கு அதன் பெரிய சௌகரியம். ஆனாலும் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம், கையுறையும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம்.

ஸ்ப்ரே கன்னுக்குப் பிரைமர் என்றால் 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் நாசில். கன் வாயில் காற்று 30 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துத் தொடங்குங்கள். கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். லைனில் ஒரு வாட்டர் ட்ராப் இருக்க வேண்டும். முதலில் ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள்.

கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர்க் கோணத்தில் பிடித்து, மணிக்கட்டை ஆட்டாமல் முழுக் கையையும் நகர்த்துங்கள். தகட்டுக்கு வெளியே டிரிக்கரை அழுத்தி, தகட்டைக் கடந்து வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். முதல் கோட் மெல்லியது, அடி தெரிந்தாலும் பரவாயில்லை. ஈரப் பளபளப்பு மங்கும் வரை காத்திருந்து இரண்டாவது. பொறுக்காமல் அடித்தால் வழியும், உள்ளே சிக்கிய தின்னர் பிறகு கொப்பளிக்கும். மடிப்பு ஓரங்களையும் உள் மூலைகளையும் முதலில் முடித்துவிட்டு அகலப் பரப்புக்கு வாருங்கள்.

எபாக்சி ஒட்டுவதில் கெட்டி, தேய்ப்பதில் சண்டித்தனம். எமரியை அடைத்துக்கொண்டே இருக்கும். பட்டியின் கீறல்களை நிரப்பித் தேய்க்க அதற்கு மேல் சர்ஃபேசர் என்ற, சுலபமாகத் தேய்க்க வரும் கனமான பிரைமர் வேண்டும். பி.யு. சர்ஃபேசரில் மறுபடி அந்த ஐசோசயனேட். இரண்டு வழி இருக்கிறது. கனமாகப் படியும் வகை எபாக்சியையே வாங்கி மூன்று கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பொறுமையாகத் தேய்ப்பது ஒன்று. சர்ஃபேசரைக் கன்னில் அடிக்காமல் சின்ன நுரை ரோலரில் உருட்டுவது இன்னொன்று. ரோலரில் புகை கிளம்பாது, தகட்டில்தான் தங்கும். புள்ளி புள்ளியாகத் தெரியும், எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம். முதல்முறை செய்பவருக்கு ரோலரைத்தான் சொல்வேன், கையுறையும் மாஸ்க்கும் அதற்கும் உண்டு. எபாக்சி அடித்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் சர்ஃபேசர் ஏற்றினால் தேய்க்க வேண்டியதில்லை, தாண்டிவிட்டால் 320-ல் கீறிவிட்டு ஏற்றுங்கள்.

பிளாஸ்டிக் பம்பருக்கு இந்தக் கதையெல்லாம் ஒத்துவராது. அதற்குப் பிளாஸ்டிக் பிரைமர் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கறுப்புத் தூவி மட்டம் பார்ப்பது

சர்ஃபேசர் ஒரு இரவு முழுக்கக் காய்ந்ததும், கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை இரண்டடி தள்ளிப் பிடித்து, மூடாமல் புள்ளி விழுகிற அளவுக்கு மேலே தூவுங்கள். காய்ந்த பிறகு கட்டையில் 400 வாட்டர் பேப்பரைச் சுற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். எங்கே கறுப்பு நிற்கிறதோ அங்கே பள்ளம். முழுக் கறுப்பும் போனபோது அடி தகடு தெரியாமல் இருந்தால் மட்டம் வந்துவிட்டது. கறுப்பு போகும் முன்பே தகடு எட்டிப் பார்த்தால் அந்த இடத்தைத் தொடர்ந்து தேய்க்காதீர்கள். அங்கே எபாக்சியைத் தொட்டு, சர்ஃபேசரை மறுபடி ஏற்றித் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். ஊசித்துளைகள் தெரிந்தால் என்.சி. பட்டியை விரல் நகத்தால் வழிப்பதுபோல மெல்லியதாக நிரப்பலாம். அது காயக் காயச் சுருங்கும், துளைக்கு மேல் எதற்கும் ஆகாது.

சாதாக் கலர் என்றால் 400 போதும். மெட்டாலிக் அடிக்கப் போகிறீர்கள் என்றால் 600 வரை போங்கள், வெள்ளித் துகள்கள் கீறலுக்குள் வரிசை கட்டி நின்று கோட்டைக் காட்டிக்கொடுக்கும்.

பெயிண்டரிடம் விடும்போது

சர்ஃபேசரும் ஈரம் குடிக்கும் சரக்கு. இந்த நிலையில் வண்டியை மழையிலோ பனியிலோ நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பூத்தில் தேதி வாங்கிக்கொண்டு, அதிலிருந்து பின்னால் எண்ணி உங்கள் வேலையைத் தொடங்குவது நல்லது. எந்தக் கம்பெனி எபாக்சி, எந்தச் சர்ஃபேசர், எங்கெங்கே பட்டி இருக்கிறது என்று பெயிண்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலி டப்பாக்களையே கொண்டுபோய்க் காட்டலாம். "நீங்களே தேய்ச்சீங்களா தம்பி?" என்று ஒரு மாதிரி பார்ப்பார். உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறை சொன்னால் அங்கேயே சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லி வாங்கி வந்து, அந்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள்.

கழற்றிய கதவையும் பானட்டையும் போர்வையில் சுற்றி ஆம்னி வேனிலோ டெம்போவிலோ ஏற்றிப் போய்விடலாம். முழு வண்டி என்றால் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் தற்காலிகமாகவாவது மாட்டி, பகலில் ஓட்டிப் போங்கள். வழியில் பெட்ரோல் போட நின்றால் டேங்க் மூடியைச் சுற்றி ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்தினால் பெயிண்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.